வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு ஹெல்மெட் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பழைய வண்டியை வீட்டிலேயே பழுது பார்ப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான். சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் எப்படி வாங்குவது, எத்தனை ஆம்ப் போதும், கேபிள் எவ்வளவு தடிமன் வேண்டும் என்றெல்லாம் பக்கம் நிறைய எழுதியவர், கண்ணைப் பற்றி மட்டும் 'தானாகக் கறுக்கும் ஹெல்மெட் ஒன்று வாங்கிக்கொள்ளவும்' என்று அரை வரியோடு நகர்ந்துவிட்டார். வெல்டிங் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி தானாகக் கறுத்துக் கண்ணைக் காக்கிற முகக் காப்பு அது. அந்த அரை வரியைப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நீலகிரி மலையில் அரவேனுக்காரன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 1984-ல் ஹெல்பராகச் சேர்ந்து, ஃபிட்டராகி, 2017-ல் ஓய்வு பெற்றேன். ரோலர், டிரையர், இலை வாட்டும் தொட்டியின் ஃபேன் என்று எது உடைந்தாலும் வெல்டிங் ராடு மாட்டுகிற ஹோல்டரைப் பிடிப்பது என் வேலை. இப்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் தேயிலையும், கொட்டகையில் ஒரு 1994 மாடல் மகிந்திரா ஜீப்பும் இருக்கின்றன. ஏக்கர் சோறு போடுகிறது, ஜீப் அதைத் தின்கிறது.

மலையில் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் துருவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, நடுவில் பனிமூட்டம். ஈரம் காய நேரமே கிடையாது. அதிலும் பச்சை இலை மூட்டையும் உர மூட்டையும் ஏற்றுகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். இலையிலிருந்து சொட்டும் தண்ணீரும் சிந்திய யூரியாவும் சேர்ந்து ஃப்ளோர் தகரத்தை அப்பளமாக்கிவிடும். மூன்று வருடத்துக்கு முன்னால் கிளட்ச் மிதிக்கிற இடத்தில் என் குதிகால் பொத்துக்கொண்டு கீழே ரோடு தெரிந்தது. டிங்கர் கடையில் கேட்ட தொகைக்குப் பாதி ஜீப் வாங்கலாம். கை இருக்கிறது, தொழில் தெரியும். 16 கேஜ் தகரம் வாங்கிவந்து நானே ஒட்டுப் போடலாம் என்று இறங்கினேன்.

இதற்கு முன்னால் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 1985-ல் எனக்கு 22 வயது. டிரையரின் புகைக்குழாயில் ஓட்டை விழுந்து பெரியவர் ஒருவர் வெல்டு வைத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் முகத்தை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி ஷீல்டு. குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த என் கையில் ஒன்றுமில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். ஆனால் வேலையில் கவனம் இருக்கிற பையன் திரும்பித் திரும்பிப் பார்க்கத்தானே செய்வான்! அப்போது ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் டீ குடித்தேன், வாலிபால் கூட ஆடினேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. இமைக்குள் ஆற்று மணலை அள்ளிப் போட்டுக் கசக்கியது மாதிரி. கண்ணைத் திறந்தால் எரிச்சல், மூடினால் உறுத்தல், தண்ணீர் தாரையாக ஊற்றுகிறது. அம்மா உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இரண்டு கண்ணிலும் வைத்துத் துணி கட்டினார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி இருந்தார், இரண்டு சொட்டுத் தாய்ப்பால் வாங்கிவரட்டுமா என்று பாட்டி கேட்டார். வலியோடு வெட்கமும் சேர்ந்துகொள்ள, நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. வெல்டிங் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது, அது கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது, வெயிலில் தோல் வெந்து உரிவது போலத்தான் இதுவும் என்றார். பட்ட உடனே தெரியாது. ஆறு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஒன்றிரண்டு நாளில் தானாக ஆறிவிடும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை யாராவது கொடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் அடிக்கடி விட்டுக்கொள்ளாதே, வலி தெரியாமல் கருவிழியே கெட்டுப்போகும் என்றும் சொன்னார். உருளைக்கிழங்கு பற்றிக் கேட்டேன். சிரித்தார். குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான், அதற்குச் சுத்தமான துணியை நனைத்து வைத்தாலே போதும், கிழங்கைக் குழம்புக்குப் போடச் சொல் என்றார்.

அதற்கப்புறம் முப்பது வருடமும் கையில் ஷீல்டு அல்லது தலையில் கவிழ்க்கிற பழைய மாடல் ஹெல்மெட், உள்ளே பதினோராம் நம்பர் கறுப்புக் கண்ணாடி (நம்பர் கூடக் கூடக் கறுப்பு கூடும்). ஃபேக்டரி வேலைக்கு அது போதும். கனமான இரும்பு, நீளமான வெல்டு. ஒரு தடவை கவிழ்த்தால் ஒரு ராடு தீரும்வரை நிமிர வேண்டாம். ஆனால் ஜீப் தகரம் அப்படியில்லை. நீளமாக இழுத்தால் ஓட்டை விழும், இல்லாவிட்டால் தகரம் சூடேறி நெளியும். பொட்டுப் பொட்டாகத்தான் வைக்க வேண்டும். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, ஆறவிட்டு நடுவில் ஒரு பொட்டு. ஒரு ஒட்டுத் தகரத்துக்கு நூறு பொட்டாவது ஆகும். நூறு தடவை இருட்டில் ராடு முனையைக் குருட்டாம்போக்கில் வைத்து, நூறு தடவை தலையை வெடுக்கென்று ஆட்டிக் கண்ணாடியைக் கவிழ்த்து... ஐம்பதைத் தாண்டிய கழுத்துக்கு இது ஆகாது. அதனால்தான் தானாகக் கறுக்கிற ஹெல்மெட் வீட்டு வேலைக்காரனுக்குப் பெரிய வரம் என்கிறேன். கட்டுரையாளர் அதைச் சொன்னது சரிதான்.

இந்தச் சாமான் ஒன்றும் நேற்று வந்ததில்லை. ஸ்வீடன் நாட்டு ஓக்கே ஹோர்னெல் என்பவர் உருவாக்கி 1981-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. நான் மணல் கண்ணோடு படுத்திருந்த வருடம் உலகத்தில் அது இருந்திருக்கிறது, அரவேனுக்குத்தான் வந்து சேரவில்லை. உள்ளே நடப்பது இதுதான்: கால்குலேட்டரில் எண்ணைக் காட்டுகிற அதே திரவப் படிகம், இரண்டு பக்கமும் ஒளியை வடிகட்டும் தாள். முன்பக்கம் இருக்கும் சென்சார் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்ததும் மின்சாரம் பாய்ந்து கண்ணாடி கறுத்துவிடுகிறது. நல்ல ஹெல்மெட்டில் இதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடியில் 25,000-ல் ஒரு பங்கு. நாம் கண் சிமிட்டுவது இதற்கு முன்னால் மாட்டு வண்டி.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுப்பது இந்தக் கறுப்பு அல்ல. கண்ணாடியின் மேல் படிந்திருக்கும் வேறொரு வடிகட்டிப் பூச்சு அதைச் செய்கிறது. அது பேட்டரி இருந்தாலும் செத்தாலும், கண்ணாடி கறுத்தாலும் கறுக்காவிட்டாலும் எப்போதும் வேலை செய்யும். ஒழுங்கான ஹெல்மெட் என்றால் மட்டும்தான் இந்தப் பேச்சு. அதற்கு அடையாளம் கண்ணாடியின் சட்டத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பிறகு சொல்கிறேன்.

சரி, என் முதல் ஹெல்மெட்டுக்கு வருகிறேன். மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில் 1,350 ரூபாய்க்கு வாங்கினேன். மேலே நெருப்பு பறக்கிற கழுகுப் படம். பேரனுக்கு அந்தப் படம் பிடித்துப்போனது, எனக்கு விலை பிடித்துப்போனது. கடைக்காரர் லைட்டரைத் தட்டிக் காட்டினார், டப்பென்று கறுத்தது. வீட்டில் வைஸில் ஒரு பட்டையைக் கவ்விவைத்து வெல்டு வைத்துப் பார்த்தேன். பிரமாதம். ராடு முனை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து வைப்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து ஃப்ளோரில் முதல் பொட்டு வைத்தேன். பளீரென்று வெட்டியது. ஹெல்மெட் கறுக்கவில்லை. ஏதோ தவறு என்று இரண்டாவது பொட்டு. கறுத்தது. மூன்றாவது, மறுபடி பளீர். கண்ணை மூடினால் பச்சை நிறத்தில் ஒரு புழு மிதக்கிறது. வெளியே வந்து பேட்டரியைப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், நின்றுகொண்டு ஒரு பொட்டு வைத்தேன். கச்சிதமாகக் கறுக்கிறது. உள்ளே போனால் மறுபடி அதே கூத்து.

அரை மணி நேரம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. அந்த ஹெல்மெட்டில் இரண்டே சென்சார். இரண்டும் கண்ணாடிக்கு மேலே, நெற்றிப் பக்கம். மேஜை வேலையில் நெற்றிக்கும் வெல்டுக்கும் நடுவே எதுவும் வராது. ஆனால் நான் படுத்திருந்த இடத்தில் என் நெற்றிக்கு நேரே சேஸிஸின் குறுக்குச் சட்டம் இருந்தது. கண்ணுக்கு வெல்டு தெரிகிறது, சென்சாருக்குச் சட்டத்தின் நிழல்தான் தெரிகிறது. அது பாவம், வெளிச்சமே இல்லையென்று சும்மா இருந்துவிட்டது. அன்று ராத்திரி 1985 திரும்பி வரும் என்று பயந்து ஈரத்துணியோடு படுத்தேன். வரவில்லை. அந்தப் பூச்சு ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். தலைவலியும், சாப்பாட்டுத் தட்டில் ரெண்டு மணி நேரம் மிதந்த பச்சைப் புழுவும்தான் மிச்சம்.

ஆகவே, கட்டுரையாளர் அரை வரியில் விட்ட விஷயம் இதுதான். விற்கிறவர்கள் ஹெல்மெட்டை நின்றுகொண்டு காட்டுகிறார்கள், நாமும் நின்றுகொண்டு வாங்குகிறோம். வண்டி வேலை நடப்பதோ மல்லாந்து படுத்து, ஒருக்களித்து, சக்கர வளைவுக்குள் தலையை நுழைத்து. வீட்டில் கார், ஜீப் பழுது பார்க்கிறவர் நான்கு சென்சார் உள்ளதைத்தான் பார்க்க வேண்டும். மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒன்றை மறைத்தாலும் மற்றொன்று பார்த்துக்கொள்ளும். இரண்டாவது ஹெல்மெட் வாங்கப் போனபோது கடையில் ஒவ்வொரு சென்சாராக விரலால் பொத்திக்கொண்டு லைட்டரைத் தட்டச் சொன்னேன். மூன்றைப் பொத்தி ஒன்றை விட்டாலும் கறுக்கிறதா என்று பார்த்தேன். கடைப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பார்க்கட்டும்.

அதோடு விடவில்லை. "தம்பி, இங்கே கொஞ்சம் படுத்துக்கிறேன்" என்று சொல்லி, அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுக் கடைத் தரையிலேயே ஹெல்மெட்டோடு மல்லாந்து படுத்தேன். இரண்டு விஷயம் உடனே தெரிந்தது. ஒன்று, மோவாய்ப் பக்கம் நீளமான ஹெல்மெட் படுக்கும்போது நெஞ்சில் இடித்து மேலே கிளம்புகிறது, கழுத்து திறந்துகொள்கிறது. திறந்த கழுத்தில்தான் பொறி விழும். மற்றொன்று, தலைப்பட்டையை இறுக்குகிற திருகு பின்மண்டையில் இருக்கிறது. நிற்கும்போது அது இருப்பதே தெரியாது. படுத்தால் மண்டையில் ஆணி அடித்தது மாதிரி குத்தும். இதற்கு நான் கண்டுபிடித்த வழி சும்மாடு. இலை மூட்டை சுமக்கிற பெண்கள் தலையில் வைக்கிற அதே துணிச் சும்மாட்டைத் தரையில் வைத்து, அதன் நடுக்குழியில் திருகு உட்காருகிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டேன். இதை எந்த கம்பெனியும் எழுதித் தரவில்லை. வீட்டில்தான் 'தலைமேல் வைக்கிறதைத் தலைக்குக் கீழே வைக்கிறீர்களே' என்று கேலி.

இப்போது அந்தப் பொடி எழுத்து. ஐரோப்பாவில் வெகுகாலம் இருந்த இ.என். 379 தரத்தின்படி செய்த கண்ணாடியில், முதலில் 4 அல்லது 3 என்று ஒரு எண், ஒரு சாய்கோடு, பிறகு 9-13 என்பது போல இருக்கும். முதல் எண் சும்மா இருக்கும்போது கண்ணாடி எவ்வளவு மங்கல் என்பது, அடுத்தது கறுக்கும்போது எவ்வளவு கறுப்பு என்பது. கடையில் எல்லோரும் பெருமையாகச் சொல்வது 13 என்ற எண்ணைத்தான். வண்டித் தகரத்துக்கு 13 எதற்கு? 2.5 மில்லி ராடில் 70, 80 ஆம்ப் ஓட்டுகிறவனுக்கு 10 போதும். மெல்லிய தகரத்தில் ஆம்ப் அதற்கும் கீழே போனால் 9-கூடச் சரியாக இருக்கும். அதிகமாகக் கறுத்தால் உருகும் குழம்பு கண்ணுக்குத் தெரியாமல், வெல்டு வைக்கிறோமா ஓட்டை போடுகிறோமா என்று தெரியாமல் போய்விடும். எனக்கு முக்கியம் அந்த முதல் எண்தான். வண்டிக்கு அடியில் டார்ச் வெளிச்சத்தில் 4-ம் நம்பர் மங்கலும் 3-ம் நம்பர் மங்கலும் ஒன்றல்ல. 3 என்றால் ஹெல்மெட்டைத் தூக்காமலே அடுத்த பொட்டுக்கு இடம் பார்க்கலாம்.

அதன் பின்னால் 1/1/1/2 என்று நான்கு இலக்கம் வரும். 1 என்றால் சிறப்பு, 3 என்றால் சுமார். காட்சி கோணலில்லாமல் இருக்கிறதா, கலங்கலில்லாமல் இருக்கிறதா, கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கிறதா என்பது முதல் மூன்றும். நான்காவது இலக்கம், கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும்போது கறுப்பு எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்வது. மேஜை வேலைக்காரர் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். கழுத்தை ஒடித்து ஓரக்கண்ணால் பார்க்கிற வண்டி வேலைக்காரர் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சரக்கில் இசட் 87.1 என்று குறி இருக்கும். நம் நாட்டில் வெல்டிங் கண், முகக் காப்புக்கு ஐ.எஸ். 1179 என்று ஒரு தரமே உண்டு. என் கழுகு ஹெல்மெட்டில் கழுகைத் தவிர வேறெந்தக் குறியும் இல்லை. வாங்கும்போது அதைத் திருப்பிப் பார்க்காதது என் தப்பு.

இரண்டாவது ஹெல்மெட் 4,200 ரூபாய். நான்கு சென்சார், 3-ம் நம்பர் வெளிச்சம், 1/1/1/2. ஆயிரத்துக்கும் கிடைக்கிறது, முப்பதாயிரத்துக்கும் கிடைக்கிறது. தினமும் எட்டு மணி நேரம் போடுகிறவருக்கு முப்பதாயிரம் நியாயமாக இருக்கலாம். வருஷத்துக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிற நமக்கு வேண்டாம்.

அதில் மூன்று திருகு இருக்கிறது. கறுப்பு அளவு, உணர்திறன், வெல்டு நின்ற பிறகு எவ்வளவு நேரம் கறுப்பாகவே இருக்க வேண்டும் என்பது. பொட்டு வைக்கிற வேலைக்கு அந்தக் கடைசித் திருகைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பொட்டுக்கும் இருட்டில் காத்திருக்க வேண்டும். இரும்பைத் தேய்க்கிற கிரைண்டர் பிடிப்பதற்கு என்று ஒரு நிலை உண்டு, அதில் வைத்தால் கறுக்கவே கறுக்காது. சௌகரியம்தான், ஆனால் கிரைண்டரை வைத்துவிட்டு அதை மாற்ற மறந்து ஹோல்டரை எடுத்தீர்களோ, தொலைந்தது. நான் ஒரு தடவை தொலைந்தேன். அந்த நிலையை மாற்றுகிற திருகு வெளியே கைக்கு எட்டும்படி இருந்தால் நல்லது.

மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது குளிர். ஹெல்மெட் தாளில் மைனஸ் 5 முதல் 55 டிகிரி வரை வேலை செய்யும் என்று போட்டிருக்கும். தலைகுந்தாவில் புல் வெளுத்துப்போகும் உறைபனி கோத்தகிரியில் அவ்வளவாக இல்லை. இருந்தாலும் திரவப் படிகம் குளிரில் சோம்பேறி. மார்கழியில் ராத்திரி முழுக்கக் கொட்டகையில் கிடந்த ஹெல்மெட்டைக் காலை ஏழு மணிக்குப் போட்டு வெல்டு வைத்தால், முதல் சில பொட்டுகளுக்குக் கறுப்பு வருவதிலும் போவதிலும் ஒரு சுணக்கம் எனக்கே தெரிகிறது. அதனால் அது இப்போது அடுப்பங்கரைப் பரணில் மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது. இன்னொன்று மூச்சு. குளிர்ந்த கண்ணாடியில் மூச்சுப் பட்டதும் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. உள்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டில் கொஞ்சம் சோப்பைத் தடவி, காய்ந்த துணியால் பளபளவென்று துடைத்துவிட்டால் ஒரு காலை நேரத்துக்குத் தாங்கும். சோப்பைத் தகட்டில் மட்டும் தடவுங்கள், கறுக்கும் கண்ணாடியில் அல்ல.

வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இரட்டைப் பார்வைக் கண்ணாடியில் கிட்டப் பார்க்கும் பகுதி கீழே இருக்கிறது. மல்லாந்து படுத்து மேலே பார்த்தால் அந்தப் பகுதி எதற்கும் உதவாது. மோவாயை வானத்துக்குத் தூக்கி, பறவை பார்ப்பவன் மாதிரி கிடக்க வேண்டும். ஆறு மாதம் அப்படித்தான் கிடந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, ஹெல்மெட்டுக்கு உள்ளேயே பொருத்துகிற பெரிதாக்கும் லென்ஸ் தனியாக விற்கிறது, ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று நம் பவருக்கு ஏற்ப. அதை மாட்டுவதற்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தாங்கி இருக்க வேண்டும். எல்லா ஹெல்மெட்டிலும் இருப்பதில்லை. கடையில் கேளுங்கள். அதைப் போட்ட அன்று என் வெல்டைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. அதுவரை வைத்த பொட்டுகளில் பாதி தகரத்தில் இல்லை, பக்கத்தில் இருந்தது.

கடைசியாக, கட்டுரையில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். ஒருவர் ஹெல்மெட் போட்டு வெல்டிங் செய்கிறார், பக்கத்தில் ஒரு சிறுவன் டார்ச் பிடித்துக்கொண்டு வெறும் கண்ணோடு நிற்கிறான். அழகான படம். 1985-ல் அந்த டார்ச் இடத்தில் நின்றவன் நான். வீட்டு வேலை என்றால் டார்ச் பிடிக்க யாராவது வருவார்கள். பேரன் வருவான், வீட்டுக்காரம்மா வருவார், வழியில் போகிற பக்கத்து வீட்டுக்காரர் 'என்னண்ணா, ஜீப்பா?' என்று குனிவார். நமக்கு 4,200 ரூபாய் ஹெல்மெட் இருக்கும். அவர்களுக்கு?

எங்கள் வீட்டில் வேடிக்கை பார்க்க வந்தவர்தான் என்னைக் காப்பாற்றினார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோருக்கு அடியில் யாரோ எப்போதோ தார் மாதிரி பூச்சு அடித்திருக்கிறார்கள். வெல்டு வைக்கும் இடத்தைச் சுற்றிச் சுரண்டியிருந்தேன், போதுமான அளவு சுரண்டவில்லை. ஹெல்மெட் கறுத்திருக்கும்போது நமக்கு வெல்டு முனையைத் தவிர உலகம் கிடையாது. ஒரு முழம் தள்ளி அந்தப் பூச்சு பற்றிக்கொண்டு சொட்டுச் சொட்டாக நான் படுத்திருந்த சாக்கில் விழுந்ததை நான் பார்க்கவே இல்லை. வாசனை வந்தது, ஏதோ தார் வாசனை என்று விட்டுவிட்டேன். வெளியே உட்கார்ந்து, என் பழைய பதினோராம் நம்பர் கை ஷீல்டு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா, ஷீல்டை இறக்கியவர் 'சாக்கு எரியுதுங்க!' என்று என் காலைப் பிடித்து இழுத்தார். வாளித் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது, அது ஃபேக்டரிப் பழக்கம். சட்டையில் உள்ளங்கை அளவு ஓட்டை, முழங்கையில் ஒரு கொப்புளம். அவ்வளவுதான். அவர் கையில் அந்த ஷீல்டு இல்லையென்றால் வெளிச்சத்துக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சாக்கு எரிவதைப் பார்த்திருக்க மாட்டார்.

அந்தக் கை ஷீல்டு எந்த வெல்டிங் சாமான் கடையிலும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். புது ஹெல்மெட்டோடு அதையும் ஒன்று வாங்குங்கள். டார்ச்சுக்குப் பதில் காந்தம் வைத்த விளக்கு ஒன்றைச் சேஸிஸில் ஒட்டிவிட்டால் பேரனை உள்ளே அனுப்பிவிடலாம். கொட்டகையின் பாதைப் பக்கம் ஒரு தார்ப்பாயும் கட்டிவிடுங்கள். நம் ஊர் வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி வரிசையாக இருப்பவை, நம் வெல்டு வெளிச்சம் அடுத்த வீட்டு ஜன்னலில்தான் விழும்.

ஹெல்மெட்டுக்குப் பதில் தானாகக் கறுக்கும் கூலிங் கிளாஸ் மாதிரி ஒன்று ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் வாங்கினான். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கன்னமும் மூக்கும் கழுத்தும் செக்கச்செவேலென்று வெந்து, நாலு நாள் கழித்துத் தோல் உரிந்தது. அந்த வாரம் அவனுக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. தள்ளிப்போட்டார்கள்.

அடுத்த இணைப்பில் இடம் இருந்தால் இந்தக் கடிதத்தை முழுதாகப் போடாவிட்டாலும், சென்சார் பற்றியும் அந்தச் சிறுவன் படத்தைப் பற்றியும் இரண்டு பத்தியாவது போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஃபிட்டர்,
அரவேனு, கோத்தகிரி வட்டம், நீலகிரி.

பி.கு.: பேட்டரியைச் சொல்ல மறந்துவிட்டேன். முன்பக்கம் சூரியத் தகடு இருக்கிறது, பேட்டரியே வேண்டாம் என்று சில கடைகளில் சொல்வார்கள். நம்பாதீர்கள், பலவற்றில் உள்ளே பட்டன் பேட்டரியும் இருக்கும். அதை நாமே மாற்ற முடிகிற மாடலா, உள்ளேயே வைத்து ஒட்டிவிட்ட மாடலா என்று கேட்டு வாங்குங்கள். என்னுடையதில் சி.ஆர். 2450. கோத்தகிரியில் மூன்று கடை ஏறி இறங்கி, வாட்ச் ரிப்பேர் செய்கிறவரிடம் கிடைத்தது. இரண்டாக வாங்கி ஒன்றைப் பரணில், மல்லித்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.